குரு பாஸ் எழுதிய பில்

புத்தளத்துக்குப் பக்கத்தில், நுரைச்சோலையில் பெரிய வீதியை விட்டுக் கடற்கரைப் பக்கம் திரும்பும் மணல் ஒழுங்கையில் சிவகுருவின் கராஜ் இருக்கிறது. கராஜ் என்பது மரியாதைக்குச் சொல்வது. நாலு தென்னங்குற்றி, அதன்மேல் துருப்பிடித்த தகரம், கீழே ஒயில் ஊறிக் கறுத்துப்போன மணல், அவ்வளவுதான். பெயர்ப்பலகை கிடையாது. இருபத்தைந்து வருடமாக ஒரே இடத்தில் குந்தியிருந்து மோட்டார் சைக்கிள் திருத்துகிற மனிதருக்குப் பலகை எதற்கு? கைத்தொழில் தெரிந்தவரை அங்கே பாஸ் என்பார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அவரை ஒரே பெயரில்தான் கூப்பிட்டார்கள். குரு பாஸ்.

கிளிநொச்சியிலிருந்து ஓடிவந்தபோது அவரிடம் இருந்தது ஒரு பை நிறைய ஸ்பானர்களும் திருகாணிகளும். அதை வைத்துத்தான் கல்யாணம் கட்டினார், வீடு கட்டினார், மகளைப் படிப்பித்துக் கொழும்புக்கு அனுப்பினார். போர் முடிந்து பாதை திறந்ததும் ஒருமுறை ஊருக்குப் போய்ப் பார்த்தார். காணியில் ஆள் உயரப் பற்றை. தன் பழைய கடை இருந்த இடத்தை அடையாளம் காட்டக்கூட ஆளில்லை. மறுநாளே பஸ் ஏறித் திரும்பி வந்து, அங்கே தன்னை ஒருவருக்கும் தெரியாது, இங்கே எல்லாருக்கும் தெரியும் என்று மனைவி அன்னலட்சுமியிடம் சொன்னார். அந்தப் பெயரைத் தவிர அவரிடம் வேறு சொத்து இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அது எப்படிப் போனது என்பதுதான் கதை.

கராஜில் ஒரு சாமான் மட்டும் பூட்டுக்குள் இருந்தது. பழைய பிஸ்கட் தகரப் பெட்டி. அதற்குள் பருத்தித் துணியில் சுற்றி ஒரு காபரேட்டர். எஞ்சினுக்குப் பெற்றோலைக் காற்றோடு கலந்து ஊட்டுகிற சாமான் அது, கெட்டால் பைக் கறுப்பாகப் புகையும். உப்புக் காற்றே படாத, ஊசியும் மிதவையும் புதுக்கருக்குக் குலையாத கம்பனிச் சாமான். ஊரில் ஓடுகிற பைக்குகளின் காபரேட்டர்கள் எல்லாம் கடற்காற்றில் அரித்து, பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெய் குடித்துக் கெட்டுப்போனவை. புதுசு வாங்கலாம் என்றால், விலையைக் கேட்டாலே நெஞ்சு அடைக்கும். வெளிநாட்டிலிருந்து பைக் இறக்குவதையே அரசாங்கம் நிறுத்திவிட்டது. இருக்கிற சாமானுக்குக் கடைக்காரன் வைத்ததுதான் விலை.

ஆனால் வருடத்துக்கு ஒருமுறை பைக்குக்கு லைசன்ஸ் எடுக்கத்தானே வேண்டும். அதற்குப் புகைச் சோதனைப் பத்திரம் வேண்டும். ஆகவே அந்தக் கரை தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. சோதனை நாளன்று காலையில் பைக் குரு பாஸிடம் வரும். அவர் அதன் காபரேட்டரைக் கழற்றி வைத்துவிட்டுத் தகரப் பெட்டியில் இருப்பதை அந்த இடத்தில் பொருத்திப் பூட்டுவார். பைக் பாலாவிப் பக்கத்துச் சோதனை நிலையத்துக்குப் போய்த் தேறி, மத்தியானம் பத்திரத்தோடு திரும்பி வரும். நல்லதைக் கழற்றிப் பழையதைப் பூட்டினால் காரியம் முடிந்தது. கூலி ஐந்நூறு ரூபாய். ஒரு கிழமையின் ஏழு நாளைக்குள் அந்த ஒரே காபரேட்டர் ஏழு பைக்கில் ஏறி ஏழு தடவை தேறியிருக்கிறது.

சைலன்சருக்குள் குழாயை விட்டுப் புகையை மோந்து பார்ப்பதோடு அந்த மெசினின் வேலை முடிந்துவிடும். பிரேக் பிடிக்குமா என்று அது கேட்காது. டயர் வழுக்கையா என்று தடவிப் பார்க்காது. வருடம் முழுவதும் மிச்சம்பிடித்த காசை மனிதர்கள் அந்த மூக்குக்குக் கொட்டிவிட்டு, உயிரைக் காக்கிற சாமானுக்கு இல்லையென்று கையை விரித்தார்கள். பத்திரம் இல்லாவிட்டால் பொலிஸ் மறிக்கும், பிரேக் இல்லாவிட்டால் யார் மறிக்கப்போகிறார்கள்? குரு பாஸுக்கு இது தெரியும். தெரிந்துகொண்டே ஐந்நூறு ரூபாயை வாங்கிச் சட்டைப் பையில் போட்டார்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் மார்ச் மாதம் வின்சன்ட் வந்தான். தோணிகள் கரைக்கு வரும்போது மீன் எடுத்து, பைக்கின் பின்னால் கட்டிய வெள்ளைப் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி, பாலாவி தாண்டிக் கனமூலை வரைக்கும் கொண்டுபோய் விற்பவன். ஐஸ் கரைந்து உப்புத் தண்ணீராகப் பின்சக்கரத்தின் மேல் நாள் முழுக்க ஒழுகும். மீன்காரர் பைக்குகளுக்கு மற்ற இடமெல்லாம் சாகுமுன் பின்சில்லு செத்துவிடும். முன் பிரேக் கம்பி வின்சன்டின் பைக்கில் எப்போதோ இறுகிப்போயிருந்தது. அவன் அதைத் தேடியதும் இல்லை, பின் பிரேக்கை நம்பியே ஓடினான்.

“லைசன்ஸ் முடிய ரெண்டு நாள்தான் பாஸ் இருக்கு. நாளைக்கு உங்கட காபரேட்டர் எனக்கு வேணும்,” என்றான்.

குரு பாஸ் பைக்கைத் தள்ளிப் பார்த்தார். பின் பிரேக்கை மிதித்தார். முகம் மாறியது. சில்லைக் கழற்றினார். உள்ளே, சில்லை உரசி நிறுத்த வேண்டிய பிரேக் சூ தேய்ந்து, தகட்டின் மேல் ஒட்டிய தோல் மாதிரி மெல்லிசாகக் கிடந்தது.

“இது சூ இல்லை வின்சன்ட். தகடு. மாத்த வேணும்.”

“எவ்வளவு?”

“முந்தி நானூறு. இப்ப ஆயிரத்து எண்ணூறு.”

வின்சன்ட் சிரித்தான். அது அழுகைக்குப் பக்கத்தில் இருந்த சிரிப்பு. “இன்சூரன்ஸ் கட்டிட்டன். புகைக்கு வைச்சிருக்கிறன். லைசன்சுக்கு வைச்சிருக்கிறன். இதுக்குமேல கேட்டா வீட்டில மக்டலின்ட காதுத் தோட்டைத்தான் கழட்ட வேணும் பாஸ். அதுவும் இப்ப காதில இல்லை, அடைவுக் கடையில கிடக்கு.”

கராஜின் குறுக்குக் கம்பியில் ஒரு சோடிப் பிரேக் சூ, பிளாஸ்டிக் உறையோடு தொங்கிக்கொண்டிருந்தது. குரு பாஸ் அதைப் பார்த்தார். வின்சன்டும் பார்த்தான். இதைப் போடு, காசைப் பிறகு தா என்று சொல்ல ஒரு விநாடி போதும். ஆனால் அந்தக் கரையில் பாதிப் பேர் பிறகு தாறன் என்று சொன்னவர்கள்தான். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அந்த விநாடியை அவர் பின்னால் எத்தனை தடவை நினைத்திருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை.

பழைய சூவைச் சாண்ட்பேப்பரால் சுரண்டிக் கரகரப்பாக்கினார். சில்லைப் பூட்டிப் பிரேக் திருகியைக் கடைசி வரை இறுக்கினார். “ரெண்டு கிழமைக்குத் தாக்குப்பிடிக்கும். அதுக்குள்ள மாத்து. இனித் திருக இடமில்லை, சொல்லிப்போட்டன்,” என்றார். அவன் தலையாட்டினான்.

மனம் கேட்கவில்லை. சும்மா அனுப்பக் கூடாதென்று, கழித்த எஞ்சின் ஒயிலை ஒரு சோடாப் போத்தலில் நிரப்பிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. இதுவும் அந்தக் கரையின் வழக்கம்தான். லைசன்ஸ் எடுத்த நாளில் பைக்கைக் கழுவி, பழைய ஒயிலோடு கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து, இரும்பு தெரிகிற இடமெல்லாம் பூசிவிடுவார்கள். உப்பு பிடிக்காது என்ற நம்பிக்கை. தோணிக்குப் பூசியவர்கள் பைக்குக்கும் பூசினார்கள். “சில்லுக்கெல்லாம் நல்லாப் பூசு,” என்று குரு பாஸ் சொன்னார்.

மறுநாள் காபரேட்டர் போய்த் தேறி வந்தது. அதற்கு நாலாம் நாள் காலை, கனமூலையில் விபத்து நடந்தது.

நஃபீஸா அந்த ஊரில் வின்சன்டின் முதல் வாடிக்கை. அவன் அவரை ராத்தா என்று கூப்பிடுவான். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பத்து வருடமாகத் தினமும் ஒரே மாதிரி: வளைவில் வரும்போதே இரண்டு ஹோர்ன் அடிப்பான். அவர் மீன் சட்டியை எடுத்துக்கொண்டு கேற்றைத் திறந்து வீதி ஓரத்துக்கு வருவார். பைக் அவருடைய காலடியில் வந்து நிற்கும். ஒரு நாளும் அவர் வீதியைப் பார்த்து இறங்கியது கிடையாது. ஹோர்ன் கேட்டால் வின்சன்ட் நிற்பான், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

அன்றைக்கும் இரண்டு ஹோர்ன் கேட்டது. அவர் வந்து நின்றார். வின்சன்ட் பிரேக்கை மிதித்தான். பைக் நிற்கவில்லை. மீன் பெட்டியின் பாரத்தோடு வந்து அவரை அடித்து மதிலில் முட்டியது. அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அவனுக்குத் தோள் எலும்பு. வீதியெல்லாம் ஐஸும் மீனும்.

செய்தி கேட்டு குரு பாஸ் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வின்சன்ட் கட்டோடு படுத்திருந்தான். முகமெல்லாம் உரசல்.

“பிரேக் பிடிக்கவே இல்லை பாஸ்,” என்றான். “மிதிக்க மிதிக்க வழுக்கிக்கொண்டு போச்சு. முதல் நாள் பின்னேரம் நல்லாத்தான் இருந்தது. பின்சில்லில இருக்கிற பிரேக் கை மட்டும் கீச்சுக் கீச்செண்டு கத்திச்சு. நீங்க தந்த ஒயில்ல மிச்சம் இருந்ததை அதுக்குள்ள ஊத்தினன். சத்தமும் நிண்டிட்டுது.”

குரு பாஸுக்கு விளங்கிவிட்டது. சூவை விரிக்கிற அந்தப் பிரேக் கையின் அடியில் ஊற்றினால் ஒயில் வேறெங்கே போகும்? நேரே உள்ளே போய்ச் சூவில் இறங்கும். அதுவும் தான் சாண்ட்பேப்பர் போட்டுச் சுரண்டிவிட்ட சூ, ஒயிலை உறிஞ்சிக் குடித்திருக்கும். சில்லுக்கெல்லாம் பூசு என்றவர், பிரேக்குக்குக் கிட்டக் கொண்டுபோகாதே என்று சொல்லவில்லை. மெக்கானிக்குக்குத் தெரிந்தது மீன்காரனுக்கும் தெரியும் என்று எப்படித்தான் நினைத்தாரோ. சொல்ல வாயெடுத்தார். எலும்பு முறிந்து கிடக்கிறவனிடம், நீ ஊற்றிய ஒயில்தான், நான் தந்த போத்தல்தான் என்று எப்படிச் சொல்வது? பிறகு சொல்லலாம் என்று எழுந்து வந்தார்.

அந்தப் பிறகு வருமுன் மக்டலின் வந்தாள். வின்சன்டின் மனைவி. கராஜ் வாசலில் நின்று, சீலைத் தலைப்பை விரலில் சுற்றியபடி பேசினாள்.

“பாஸ், பைக் பொலிசில நிக்குது. வாகனம் பாக்கிற ஐயா வந்து கழட்டிப் பாப்பாராம். பிரேக் பழுதெண்டு தெரிஞ்சும் பைக் ஓடினான் எண்டு வந்தா இவரைப் பிடிச்சு மறியல்லகூடப் போடுவாங்களாம். முந்தியே பாஸிட்டக் காட்டிச் செய்தது எண்டு ஒரு பில் இருந்தாப் பரவாயில்லை எண்டு லோயர்ட கிளாக்கர் சொல்லுறார். நீங்க சில்லைக் கழட்டிச் செய்தனீங்கதானே? பிரேக் நல்லா இருக்கெண்டு எழுதித் தாங்க பாஸ். எனக்கு மூண்டு பிள்ளைகள்.”

வீட்டுக்குள்ளிருந்து அன்னலட்சுமி வெளியே வந்துவிட்டாள். “ரெண்டு கிழமைக்குத்தான் தாங்கும் எண்டு இவர் சொன்னவர் தங்கச்சி. அதை எழுதித் தரச் சொல்லலாம். நல்லா இருக்கெண்டு எழுதினா எல்லாம் இவற்ற தலையில வந்து விழும்.”

“அதை எழுதினா, தெரிஞ்சும் ஓடினான் எண்டுதானே அக்கா ஆகும்?” என்றாள் மக்டலின்.

குரு பாஸ் பில் புத்தகத்தை எடுத்தார். பக்கத்து நிலக்கரி மின் நிலையத்தில் வேலை செய்கிற பெடியன்கள் கேட்பதற்காக வாங்கி வைத்த புத்தகம் அது. பின் பிரேக் கழற்றிச் சரி செய்யப்பட்டது, நல்ல நிலையில் உள்ளது என்று எழுதினார். சில்லைக் கழற்றிய நாளின் திகதி போட்டுக் கையெழுத்து வைத்தார். போத்தல் விஷயம் அவருடைய தொண்டையில் நின்றது. ஒயிலுக்கு நான் கட்ட வேண்டியதை இந்த வழியில் கட்டிவிடுகிறேன் என்று தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார். மனிதன் தன்னை ஏமாற்ற எடுத்துக்கொள்கிற சிரமம் கொஞ்சநஞ்சமல்ல.

“இது நல்லதுக்கில்லை,” என்று அன்னலட்சுமி அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வழக்கு நாளில், நீதிமன்றக் கோட்டில் எல்லாம் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. கழற்றிய சூவை ஒரு பொலித்தீன் பையில் போட்டு மேசையில் வைத்திருந்தார்கள். தேய்ந்து, ஒயிலில் ஊறிக் கறுத்துக் கிடந்தது. நீதவான் பில்லையும் பார்த்தார், பையையும் பார்த்தார். நீர் திருத்தின பிரேக் இதுதானா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

“ஓம்,” என்றார் குரு பாஸ்.

“இதைத்தான் நல்ல நிலையில் உள்ளதென்று எழுதினீரா?”

“ஓம்.”

பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள். பில் இருந்தபடியால் வின்சன்டுக்குச் சின்னத் தண்டப்பணம். குரு பாஸுக்குத் தண்டம் இல்லை, ஏச்சு மட்டும். சிங்களத்தில் ஒரு தரம், அதைத் தமிழில் இன்னொரு தரம் நின்றுகொண்டு கேட்டார். இருபத்தைந்து வருடத்தில் அவருடைய வேலையைப் பற்றி யாரும் அப்படிப் பேசியதில்லை.

ஊர் அதை ஏச்சோடு விடவில்லை. சந்திக் கடையில் கதிரைக் கால் ஆடினால், இது குரு பாஸ் போட்ட பிரேக் என்றார்கள். சொன்ன நேரத்துக்கு வராத பஸ் குரு பாஸ் பஸ் ஆனது. பகிடிதான். ஆனால் பகிடி பண்ணியவர்கள் பைக்கைப் பாலாவிக்கும் புத்தளத்துக்கும் கொண்டுபோகத் தொடங்கினார்கள். செயின், பிரேக், எஞ்சின் வேலை ஒவ்வொன்றாக நின்றது. புகைச் சோதனைக்கு மட்டும் எல்லாரும் வந்தார்கள். அந்தத் தகரப் பெட்டியின் பெயர் கெடவில்லை பாருங்கள்.

ஆறு மாதம் கழித்து, மனம் தாளாமல், ஒரு கிலோ முந்திரிப்பழம் வாங்கிக்கொண்டு நஃபீஸாவைப் பார்க்கப் போனார். அவர் வாசலில் கதிரையில் இருந்தார். பக்கத்தில் நாலு கால் ஊன்றுகோல். அதைப் பிடித்துக் கழிப்பறை வரைதான் போகலாம். சமையலுக்கு இப்போது மருமகள்.

“ஆரு?”

“நான் நுரைச்சோலை. பைக் திருத்துற சிவகுரு.”

நஃபீஸா அவரை அடையாளம் கண்டுகொண்டார். “வின்சன்ட் வந்து போவான்,” என்றார். “வந்து அழுவான். அவன் மேல எனக்குக் கோவமில்ல. பத்து வருசம் என்ட வாசல்ல நிப்பாட்டாமப் போனதில்ல. நீங்க ஏன் பாஸ், புடிக்காத பிரேக்க நல்லாருக்குன்னு எழுதிக் கொடுத்தீங்க? புடிக்காதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவன் மெதுவா வந்திருப்பானே.”

சொன்னேன், ரெண்டு கிழமைக்குத்தான் என்று சொன்னேன் என்று கத்தவேண்டும் போல இருந்தது. கத்தினால் வின்சன்ட் பொய்யன் ஆவான். தானும் பொய்யன் ஆவார். பில் அவருடைய கையெழுத்தில் கோட்டில் கிடக்கிறது.

“பிழைதான்,” என்றார்.

“அல்லாஹ் பாத்துக்குவான். பழத்த எடுத்துட்டுப் போங்க,” என்றார் நஃபீஸா. அவர் அதை எடுத்துக்கொண்டு வந்து பஸ் தரிப்பிடத்தில் வைத்துவிட்டார்.

அடுத்த மார்ச் மாதம் வந்தது. வின்சன்டின் லைசன்ஸ் மறுபடி முடிந்தது. தோள் சாய்ந்த மாதிரி நடந்தாலும் அவன் தொழிலுக்குத் திரும்பியிருந்தான். காலையில் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து கராஜில் நிறுத்தினான்.

“காபரேட்டர் வேணும் பாஸ்,” என்றான். பிறகு மணலைப் பார்த்துக்கொண்டு, “பிரேக்கைப் பாலாவியில செய்திட்டன். புதுச் சூ. குறை நினையாதேங்க. மக்டலின் விடமாட்டன் எண்டிட்டாள்.”

குரு பாஸ் தகரப் பெட்டியைத் திறந்தார். காபரேட்டரைப் பூட்டி முடித்ததும் வின்சன்ட் கராஜின் மூலையை எட்டிப் பார்த்தான்.

“பழைய ஒயில் ஒரு போத்தல் இருக்கே பாஸ்? புகை தேறினதும் பூசிவிடலாம்.”

குரு பாஸ் கையைத் துடைத்த துணியைக் கீழே போட்டார். ஒரு வருடமாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்தது. “வின்சன்ட், அண்டைக்கு உன்ர பிரேக்கைக் கெடுத்தது அந்த ஒயில்தான். நீ பிரேக் கைக்குள்ள ஊத்தினாய், அது சூவில இறங்கிட்டுது. நான் சொல்லியிருக்க வேணும். தந்தது நான். இனி அதைச் சில்லுப் பக்கம் கொண்டுபோகாதை.”

வின்சன்ட் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பரிதாபம் இருந்தது.

“இந்தக் கரையில ஆர் பாஸ் ஒயில் பூசாதது? என்ர அப்பா காலத்தில இருந்து பூசுறம்.”

“பூசுறது வேற. நீ உள்ளுக்கு ஊத்தினாய்.”

“நீங்க சில்லைக் கழட்டினீங்க, செய்தீங்க, நல்லா இருக்கெண்டு எழுதியும் தந்தீங்க. கோட்டில ஓம் எண்டும் சொன்னீங்க. நான் உங்களை ஒரு வார்த்தை குறை சொன்னனா? இப்ப வந்து ஒயில்ல பழி போடுறது சரியில்லை பாஸ்.”

“ரெண்டு கிழமைக்குத்தான் எண்டு சொன்னனே வின்சன்ட்.”

அவன் யோசித்தான். நிசமாகவே யோசித்தான். லோயருக்கும் பொலிசுக்கும் கோட்டுக்கும் அயலுக்கும் ஒரு வருடமாக ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி அவனுக்கு அதுவே ஞாபகமாகிவிட்டது. “அப்படி நீங்க சொன்னதா எனக்கு நினைவில்லை,” என்றான்.

பைக் பாலாவிக்குப் போனது. தேறியது. மத்தியானம் காபரேட்டரைத் திருப்பிக் கொடுக்க அவன் வந்தபோது, வழியில் யாரோ ஒரு தோணிக்காரன் ஒயில் கொடுத்திருந்தான். பைக் கழுவிப் பளபளவென்று இருந்தது. பின்சில்லின் நடுவிலும் பிரேக் கையின் அடியிலும் கறுப்பாக ஒயில் வழிந்து மணலில் சொட்டியது.

“விட்டிட்டுப் போ. கழட்டித் துடைச்சுத் தாறன். காசு வேண்டாம்,” என்று, காபரேட்டரை மாற்றி முடித்த குரு பாஸ் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

“நாளைக்கு வெள்ளிக்கிழமை பாஸ், கனமூலையில நல்ல விற்பனை.” வின்சன்ட் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக, மரியாதையோடு, ஹாண்டிலிலிருந்து எடுத்துவிட்டான். ஐந்நூறு ரூபாயை அவருடைய கையில் வைத்தான். “பயப்பிடாதேங்க. இந்தமுறை நல்ல ஆள் செய்த பிரேக்.”